நீரிழிவும் பாதம் பேணலும்

யூபிலி மலரின்கண் நோயைப் பற்றி எழுதுவதோ எனச் சிலர் வினவலாம். பழைய மாணவருட் பலர் ஐம்பதைக் கடந்தவராதலின் எழுதத் துணிந்தேன்.

இழிதல் என்பது கீழ்நோக்கிப் பாய்தல். நீர் மிகுதியாக இழிதலின் நீரிழிவு என்றனர். பெயர் நீரைச் சுட்டினும், இந்நோய் தீங்கு விளைக்கும் இடங்களுட் பாதமும் ஒன்று. குருதியிற் சர்க்கரை மிகுந்து நெடுநாள் நிற்குமாயின் கால்களிலுள்ள நரம்புகள் கெடும். இரத்தக் குழாய்களும் ஒடுங்கும். முதலில் விறைப்பும் எரிவும் தோன்றலாம். சிலர்க்கு அவையுமின்றியே உணர்ச்சி அற்றுப்போம். முள் தைத்தாலும் தெரியாது. குருதியோட்டம் குன்றியபடியாற் புண் எளிதில் ஆறாது.

எனது அம்மான் 2019 ஆம் ஆண்டுத் திருவிழாவின்போது நண்பகலிற் கோயில் வெளிவீதியை வெறுங்காலோடு வலம்வந்தார். உடன்சென்ற சிறுவர்கள் சுடுமணல் தாங்காது நிழலுக்கு ஓடினர். அவரோ ஆறுதலாக நடந்தார். அதனைப் பக்தியின் உறுதி என்றே யாமெல்லாம் எண்ணினோம். மறுநாட் காலை, பாயில் ஈரங்கண்ட மாமிதான் அவர் உள்ளங்காலிற் கொப்புளங்கள் உடைந்திருத்தலைக் கண்டார். மூன்று மாதத்தின்பின் இரு விரல்களை வெட்டியகற்ற நேர்ந்தது.

கோயிலுக்குச் செல்லற்க என்று யான் கூறவில்லை. மணல் குளிர்ந்த வேளையிற் செல்லலாமே! வீட்டினுள்ளும் செருப்பணிதல் நன்று. வீட்டார் முணுமுணுப்பின், வீட்டுக்கென வேறொரு சோடி வைத்துக்கொள்க.

இரவு படுக்குமுன் பாதங்களை நாள்தோறும் பார்த்தல் வேண்டும். குனிய இயலாதவர் தரையிற் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். பார்வை குன்றியவர்க்குப் பேரப்பிள்ளையின் கண் உதவும். இளஞ்சூட்டு நீராற் கழுவுக. சூட்டைக் காலால் அறிய முயலாது முழங்கையால் அறிக. விரலிடைகளை ஈரமற ஒற்றுக. வெடித்த குதிக்காலுக்குத் தேங்காயெண்ணெய் பூசலாம், விரலிடையிற் பூசலாகாது. நகத்தை நேராக வெட்டுக. கால் ஆணியைப் பிளேட்டாற் சீவுதல் அறவே கூடாது. சப்பாத்தினுட் கைவிட்டுத் தடவிய பின்னரே அணிக. சிறுகல் நாள்முழுதும் உள்ளே கிடப்பினும் அப்பாதம் முறையிடாது.

ஆண்டுக்கொருமுறையேனும் வைத்தியரிடம் பாதங்களைக் காட்டுதல் வேண்டும். 10 கிராம் விசையில் வளையும் நைலோன் இழையொன்றால் அவர் உள்ளங்காலைத் தொடுவார். கண்மூடியிருந்து, தொடுகை தெரிந்ததும் சொல்லுதலே நம் வேலை. சில நிமிடத்தில் முடியும். கொப்புளமோ நிறமாற்றமோ புண்ணோ காணின், நோவில்லையே என்று காத்திராது அன்றே வைத்தியசாலை செல்க.

அம்மான் இப்போது மாலைப் பூசைக்கே செல்கின்றார். திரும்பியதும் விளக்கைக் கொணர்ந்து அவர் காலைப் பார்ப்பவர் மாமி.