பலகாரம் சுத்தம்தான், பொட்டலம் சுத்தமா?

தீபாவளி நெருங்கிவிட்டால் நம் வீட்டு அடுப்படியில் எத்தனை கவனம்! நெய் நல்ல நெய்தானா, பாகு பதம் வந்துவிட்டதா, எண்ணெய் காய்ந்ததா, உப்பு சரியா என்று ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துச் செய்கிறோம். எல்லாம் முடிந்ததும் என்ன செய்கிறோம்? சுடச்சுட எடுத்த தட்டையை, நேற்றைய செய்தித்தாளை விரித்து அதன் மேல் கொட்டி எண்ணெய் வடிய விடுகிறோம். அடுத்த நாள் அதே தாளில் பொட்டலம் கட்டி, அக்கம்பக்கத்துக் குழந்தைகள் கையில் கொடுக்கிறோம்.

"காலம் காலமாக அப்படித்தானே செய்கிறோம், யாருக்கு என்ன ஆகிவிட்டது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். உடனே வயிற்றைப் பிடித்துக்கொண்டு யாரும் விழுவதில்லை. ஆனால் சில நஞ்சுகள் அன்றைக்கே தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும்.

செய்தித்தாளில் என்ன இருக்கிறது?

தாளில் இருப்பது அச்சு மை. அது எண்ணெயிலும் நெய்யிலும் எளிதில் கரையும். பலகாரம் சூடாக இருந்தால் இன்னும் சீக்கிரம் ஒட்டும். தட்டையைத் தூக்கிப் பார்த்தால் தாளின் எழுத்து தலைகீழாக அதில் பதிந்திருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். கண்ணுக்குத் தெரிகிற அந்தக் கறுப்பு நேரே வயிற்றுக்குத்தான் போகிறது.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016 டிசம்பரிலேயே, செய்தித்தாளில் உணவைக் கட்ட வேண்டாம் என்று எச்சரித்தது. 2018-ஆம் ஆண்டின் உணவுப் பொட்டல விதிமுறைகள் அதற்குத் தடையே போட்டன. அச்சு மையில் காரீயம் போன்ற கன உலோகங்களும் இருக்கக்கூடும் என்று 2023 செப்டம்பரில் ஆணையம் மறுபடியும் நினைவூட்டியது. காரீயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடல் அதை அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும். இந்த அளவு வரை ஆபத்தில்லை என்று சொல்லும்படியான அளவே காரீயத்துக்குக் கிடையாது. இது போதாதென்று, செய்தித்தாள் பத்துப் பேர் கையில் புரண்டு, தரையில் கிடந்து வருகிறது. அதில் உள்ள கிருமிகளும் கூடவே வரும்.

சரி, பிளாஸ்டிக் பைக்கு மாறலாமா? வேண்டாம். கர்நாடகத்தில் 2016-லும், தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலும் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. ஆகவே ஓசூரில் இருந்தாலும் எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் இருந்தாலும் அந்த வழி சரிப்படாது. சூடான பலகாரத்தைப் பிளாஸ்டிக்கில் போடுவது உடம்புக்கும் நல்லதல்ல.

இந்த விஷயம் நம் பகுதிக்கு ரொம்பவே பொருந்தும். சிப்காட்டில் ஷிப்ட் வேலை, எல்லைக்கு அப்பால் பொம்மசந்திராவில் வேலை என்று போகிறவர்கள், தீபாவளிப் பலகாரத்தைக் கூட வேலை செய்கிறவர்களுக்கு எடுத்துப் போவார்கள். காலையில் கட்டிய பொட்டலம் பஸ்ஸில் நசுங்கி, லாக்கரில் இருந்து, இடைவேளையில்தான் பிரியும். அத்தனை மணி நேரமும் பலகாரம் எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்பதுதான் கேள்வி.

இந்தத் தீபாவளிக்கு மூன்று பண்டங்களும், அவற்றைக் கட்ட இரண்டு விதப் பொட்டலங்களும் சொல்கிறேன். எல்லாம் வீட்டிலேயே செய்யக்கூடியவை.

1. கேழ்வரகு உருண்டை

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்களுக்குக் கேழ்வரகைப் பற்றி நான் சொல்ல வேண்டுமா? களியாகத் தின்று வளர்ந்தவர்கள்தானே! 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. வளரும் பிள்ளைகளுக்கும், மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும் ஏற்றது.

தேவை: முளைகட்டிய கேழ்வரகு மாவு 2 கப், வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை 1 கப், பொடித்த வெல்லம் ஒன்றேகால் கப், நெய் அரை கப், ஏலக்காய் 4, சுக்குப் பொடி அரை டீஸ்பூன்.

கேழ்வரகை ஓர் இரவு ஊறவைத்து, துணியில் கட்டி முளை வந்ததும் நிழலில் உலர்த்தி அரைத்துக்கொள்ளுங்கள். மாவைச் சிறு தீயில் பச்சை வாசனை போகும்வரை, சுமார் 10 நிமிடம் வறுக்க வேண்டும். அவசரப்பட்டால் மாவு வயிற்றில் மந்தம் செய்யும். கடலையைக் கரகரப்பாகப் பொடித்து, வெல்லம், ஏலக்காய், சுக்கு சேர்த்துக் கலந்து, நெய்யைச் சூடாக ஊற்றி உருண்டை பிடியுங்கள். எலுமிச்சம்பழத்தைவிடச் சிறிதாகப் பிடித்தால் சுமார் 25 உருண்டை வரும்.

இரண்டு எச்சரிக்கை. நிறம் மாறிய, சுருங்கிய, கசக்கிற கடலையைத் தயங்காமல் தூக்கிப் போடுங்கள். பூஞ்சை பிடித்த கடலையில் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு உண்டாகும். வறுத்தாலும் அது முழுதாகப் போகாது. வெல்லம் வாங்கும்போது பளிச்சென்ற மஞ்சளைத் தேடாதீர்கள். அந்தப் பளபளப்பு பெரும்பாலும் வெளுக்கப் போடும் ரசாயனத்தால் வருவது. கருத்த வெல்லமே மேல்.

2. நிப்பட்டு

மற்ற ஊரில் தட்டை. நம் பக்கத்தில் தெலுங்கும் கன்னடமும் கலந்து நிப்பட்டு. அரிசி மாவு 2 கப், பொட்டுக்கடலை மாவு கால் கப், கரகரப்பாகப் பொடித்த கடலை அரை கப், எள் 2 டீஸ்பூன், மிளகாய்த்தூள், உப்பு, பெருங்காயம், கறிவேப்பிலை, காய்ச்சிய எண்ணெய் 2 டேபிள்ஸ்பூன். தண்ணீர் தெளித்துக் கெட்டியாகப் பிசைந்து, வாழையிலையில் தட்டி, மிதமான சூட்டில் பொரித்தெடுங்கள்.

எண்ணெய் வடிய எவர்சில்வர் கண்தட்டு போதும். அல்லது துவைத்துக் காயவைத்த வெள்ளைப் பருத்தித் துணியை விரியுங்கள். நன்றாக ஆறிய பிறகுதான் டப்பாவில் போட வேண்டும். சூட்டோடு மூடினால் வியர்த்து நமத்துவிடும். பொரித்த எண்ணெயை நாளைக்கும் மறுநாளைக்கும் என்று காய்ச்சிக்கொண்டே இருக்காதீர்கள். நுரைக்கிற, கறுத்த, சிக்கு வாடை அடிக்கிற எண்ணெய் நெஞ்செரிச்சலுக்கு நேர்வழி.

3. தீபாவளி லேகியம்

ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம். மழை, ஈரம், பனி. பசித்தீ மங்குகிற இந்த நாளில்தான் நெய்யும் இனிப்பும் வயிற்றுக்குள் குவிகின்றன. அதனால்தான் பெரியவர்கள் விடியற்காலையில் முதலில் லேகியத்தைக் கொடுத்துவிட்டு அப்புறம் பலகாரத் தட்டை நீட்டினார்கள்.

சுக்கு 20 கிராம், ஓமம் 20 கிராம், தனியா 20 கிராம், மிளகு, அரிசித் திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, சீரகம் தலா 10 கிராம். இவற்றைத் தனித்தனியே லேசாக வறுத்து இடித்து, மெல்லிய துணியில் சலித்துக்கொள்ளுங்கள். கால் கிலோ வெல்லத்தை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து வடிகட்டிப் பாகாக்கி, பொடியைத் தூவிக் கிளறுங்கள். 75 மில்லி நெய்யைச் சிறுகச் சிறுக விடுங்கள். கையில் ஒட்டாமல் திரண்டு வந்ததும் இறக்கி, நன்றாக ஆறிய பிறகு 50 மில்லி தேன் சேருங்கள்.

பெரியவர்களுக்கு ஒரு சிறு நெல்லிக்காய் அளவு. ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குச் சுண்டைக்காய் அளவு. அதற்குக் குறைந்த வயதுக் குழந்தைகளுக்கு வேண்டாம். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கலந்த எதையும் நாக்கில் தடவக்கூடாது. கர்ப்பிணிகளும் குடல்புண் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டுச் சாப்பிடுங்கள். பலர் இதில் அதிமதுரமும் சேர்ப்பார்கள். அது அளவு மீறினால் ரத்த அழுத்தத்தை ஏற்றும் என்பதால் பொதுவாக எல்லாருக்கும் சொல்லும் இந்த முறையில் விட்டிருக்கிறேன்.

"வெல்லம்தானே டாக்டர், சர்க்கரை ஏறாதே?" என்று நீரிழிவுக்காரர்கள் கேட்பது வழக்கம். ஏறும். வெல்லமும் தேனும் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். அவர்கள் இதே பொடியை வெல்லம், தேன் இல்லாமல் வெந்நீரில் கால் டீஸ்பூன் குடித்தால் போதும்.

இனி பொட்டலம்

விதி ஒன்றே ஒன்று: பலகாரத்தைத் தொடுவது இலை, இலையைத் தொடுவது காகிதம். அதாவது உள்ளே ஓர் அடுக்கு, வெளியே ஓர் அடுக்கு.

உள் அடுக்குக்கு நம்மிடம் என்ன குறைச்சல்? மந்தாரை இலையில் இட்லி கட்டிக் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. எல்லைப் பக்கத்தில் முத்துக இலை என்று சொல்வார்களே, அந்தப் புரச இலையும் நல்லது. அன்றைக்கே சாப்பிடுவதென்றால் அனலில் வாட்டிய வாழையிலை. நாலைந்து நாள் இருக்க வேண்டுமென்றால் வாழையிலையின் ஈரம் ஆகாது. துடைத்து வெயிலில் காயவைத்த மந்தாரை இலையோ வாழைச் சருகோ சரி. இலை கிடைக்காத அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் உணவுக்கென்றே விற்கும் அச்சிடாத பட்டர் பேப்பரை வாங்கிக்கொள்ளலாம்.

வெளி அடுக்குக்குப் பிள்ளைகளின் நோட்டுக்கு அட்டை போடுகிற பிரவுன் தாள் போதும். மினுமினுப்புப் பூச்சு இல்லாததாகப் பாருங்கள். பருத்தித் துணிக் கழிவிலிருந்து கையால் செய்யும் காகிதம் கிடைத்தால் இன்னும் அழகு. அந்தத் தொழிலுக்காக ஜெய்ப்பூர் அருகே சாங்கானேரில் உள்ள தேசிய நிறுவனம் ஒரு தமிழரின், காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே. சி. குமரப்பாவின், பெயரில்தான் இருக்கிறது. பழைய காலண்டர் தாளை வெளியே மட்டும், உள்ளே இலை இருந்தால் மட்டும் பயன்படுத்துங்கள்.

உருண்டைக்குப் பெட்டி: பசையே வேண்டாம். 32 சென்டிமீட்டர் சதுரத் தாள் எடுத்து, மூலைக்கு மூலை மடித்துப் பிரித்தால் நடுப்புள்ளி தெரியும். நான்கு மூலைகளையும் அந்தப் புள்ளிக்கு மடியுங்கள். சிறிய சதுரம் வரும். அதன் எதிரெதிர் ஓரங்களை நடுக்கோட்டுக்கு மடித்து, அழுத்திவிட்டுப் பிரியுங்கள். மற்ற இரண்டு ஓரங்களையும் அப்படியே செய்யுங்கள். இப்போது மேல் மூலையையும் கீழ் மூலையையும் மட்டும் முழுதாகத் திறந்து, இடமும் வலமும் உள்ள பக்கங்களைச் சுவர்போல நிமிர்த்துங்கள். மேல் பக்கத்தைத் தூக்கும்போது இரண்டு மூலை மடிப்புகளையும் உள்ளே தள்ளி, மிஞ்சிய நாக்கைப் பெட்டிக்குள் மடித்து நடுவில் படியவையுங்கள். கீழ்ப்பக்கமும் அவ்வாறே. 11 சென்டிமீட்டர் அகலமும் ஐந்தரை சென்டிமீட்டர் உயரமும் உள்ள பெட்டி தயார். 33 சென்டிமீட்டர் தாளில் இதே மாதிரி செய்தால் மூடி. உள்ளே இலையை விரித்து 9 உருண்டை அடுக்கலாம். முதல் பெட்டிக்குக் கால் மணி நேரம் ஆகும். நாலாவது பெட்டியைப் பிள்ளைகள் உங்களைவிட வேகமாக மடிப்பார்கள்.

நிப்பட்டுக்கு: மளிகைக் கடைக்காரர் சுற்றுவாரே, அந்தக் கூம்புப் பொட்டலம். உள்ளே பட்டர் பேப்பர், வெளியே பிரவுன் தாள், மேலே வாழைநார் அல்லது பருத்தி நூல் கட்டு. ஸ்டேப்ளர் பின் மட்டும் கூடவே கூடாது. பிரிக்கிற அவசரத்தில் பின் பலகாரத்தோடு குழந்தையின் தொண்டைக்குப் போய்விடும்.

பசை தேவைப்பட்டால் மைதாவைக் காய்ச்சி அன்றைக்கே பயன்படுத்துங்கள். பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் போடுகிற வழக்கம் உண்டு. சித்த மருத்துவத்தில் அதைத் துருசு என்போம். முறையாகச் சுத்தி செய்யாமல் வயிற்றுக்குள் போனால் வாந்தியும் குடல் எரிச்சலும் தரும் நஞ்சு அது. உணவுப் பொட்டலத்தின் பக்கமே வரக்கூடாது. ஜிகினாத் தாளும் சாயம் போகிற வண்ணத் தாளும் அப்படித்தான்.

தேதி எழுதுங்கள்

சித்த மருத்துவத்தில் அக மருந்துகள் 32. ஒவ்வொன்றுக்கும் ஆயுள் சொல்லியிருக்கிறது. சாறும் குடிநீரும் ஒரு சாமம், அதாவது 3 மணி நேரம். சூரணம் 3 மாதம். இளகம் என்கிற லேகியம் 6 மாதம். அது மருந்துச்சாலைப் பக்குவத்துக்கு. வீட்டு லேகியத்தைப் பீங்கான் ஜாடியில் வைத்து, ஈரக் கரண்டி படாமல், ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். உருண்டை 10 நாள். நிப்பட்டு, காற்றுப் புகாத டப்பாவில் 2 வாரம். பொட்டலத்தில் கட்டியது 2 நாள்.

ஆகவே பெட்டியின் மேல் செய்த தேதியை எழுதுங்கள். கூடவே "நிலக்கடலை உண்டு" என்றும் எழுதுங்கள். கடலை சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. உதடு வீங்கி மூச்சுத் திணறுகிற அளவுக்குப் போய்விடும். நம் தெருவில் தமிழ் மட்டுமா பேசுகிறார்கள்? தெலுங்கு, கன்னடம், இந்தி, ஒடியா எல்லாம் கேட்கிறது. எழுத்துத் தெரியாதவருக்கும் புரிகிற மாதிரி ஒரு கடலைப் படத்தை வரைந்துவிடச் சொல்லுங்கள் உங்கள் பிள்ளையிடம்.

இந்தத் தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, அம்மா உருண்டை பிடிக்கட்டும், அப்பா இலையைத் துடைக்கட்டும், பிள்ளைகள் பெட்டி மடிக்கட்டும். செய்தித்தாளைப் படித்து முடித்துப் பழைய பேப்பர்காரருக்குப் போடுங்கள். பலகாரத் தட்டுக்குப் பக்கத்தில் அதற்கு வேலையில்லை.