வாத்துக் குஞ்சுக்கு முதல் தீவனம்: கடலைப் புண்ணாக்கு வேண்டாம்



கண்மாயில் தண்ணீர் சேர்ந்ததும் நம் குழுக்களில் "வாத்து வளர்க்கலாமா?" என்ற பேச்சு வந்துவிடும். நல்ல தொழில்தான். வளர்ந்த வாத்து நத்தை, புழு, வயலில் சிந்திய நெல் என்று தானே மேய்ந்துகொள்ளும். குஞ்சு அப்படி இல்லை. முதல் மூன்று, நான்கு வாரம் நாம் வைப்பதுதான் அதற்குச் சாப்பாடு. அதில் தவறினால் குஞ்சு போய்விடும். குழுக்கடன் தவணை மட்டும் நிற்கும்.

கடலைப் புண்ணாக்கு ஏன் ஆகாது?

ஆலங்குடி, கறம்பக்குடி, கந்தர்வகோட்டை பக்கம் கடலை விளையும் ஊர்கள். "வீட்டிலேயே புண்ணாக்கு கிடக்கு, கடையில எதுக்கு வாங்கணும்?" என்று கேட்கத் தோன்றும். காரணம் இருக்கிறது.

1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் செத்தன. வாத்துக் குஞ்சுகளும் செத்தன. தொற்றுநோய் என்று முதலில் நினைத்தார்கள். பிறகுதான், பிரேசிலில் இருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை விஷம் இருந்தது தெரிந்தது. அதன் பெயர் அஃப்ளடாக்சின். இது ஈரலைக் கெடுக்கும். கோழிக்குஞ்சு தாங்கும் அளவைக்கூட வாத்துக் குஞ்சு தாங்காது.

"நல்லா காயவச்சு, வேகவச்சுப் போட்டா?" என்று கேட்பீர்கள். வெயிலில் காயவைத்தால் ஈரம் போகும். ஏற்கனவே ஊறிய விஷம் போகாது. கொதிக்க வைத்தாலும் போகாது. பார்க்க நன்றாக இருக்கும் புண்ணாக்கிலும் விஷம் இருக்கலாம். மக்காச்சோளத்திலும் இந்தப் பூஞ்சை வரும். பூஞ்சை பிடித்த புண்ணாக்கைப் பசுவுக்கும் வைக்காதீர்கள். விஷம் பாலில் இறங்கும். குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.

எதைக் கொடுக்கலாம்?

வாத்துக் குஞ்சுத் தீவனம் கிடைத்தால் அதுவே நல்லது. நாமே 10 கிலோ கலப்பதானால்:

- உடைத்த மக்காச்சோளம் (காய்ந்தது, பூஞ்சை இல்லாதது) - 5 கிலோ
- சோயாப் புண்ணாக்கு - 2 கிலோ 500 கிராம்
- அரிசித் தவிடு (புதியது) - 1 கிலோ 500 கிராம்
- உப்பில்லாத கருவாட்டுத் தூள் - 800 கிராம்
- வைட்டமின் சேர்ந்த தாது உப்புக் கலவை - 200 கிராம்

இதில் சுமார் 20 சதம் புரதம் இருக்கும். உப்புக் கருவாடு வேண்டாம், குஞ்சுக்கு ஆகாது.

கடையில் கோழிக்குஞ்சுத் தீவனம்தான் கிடைக்கிறது என்றால் அதையும் கொடுக்கலாம். ஆனால் வாத்துக் குஞ்சுக்கு நியாசின் என்ற பி வைட்டமின் கூடுதலாக வேண்டும். குறைந்தால் கால் வளையும், மூட்டு வீங்கும், நடக்க முடியாமல் உட்கார்ந்துவிடும். கால்நடை மருத்துவரிடம் கேட்டு பி-காம்ப்ளக்ஸ் மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள்.

எப்படி வைப்பது?

- காய்ந்த மாவு தொண்டையில் அடைக்கும். தண்ணீர் தெளித்து, பிடித்தால் உதிரும் பதத்தில் பிசைந்து, அகலமான தட்டில் வையுங்கள்.
- கொஞ்சம் கொஞ்சமாக, பல தடவை வையுங்கள். மிஞ்சியதை எடுத்துவிட்டுத் தட்டைக் கழுவுங்கள். ஈரத்தீவனம் நம் வெயிலுக்குச் சீக்கிரம் புளித்துவிடும்.
- தீவனம் இருக்கும் இடத்தில் தண்ணீர் இருந்தே ஆகணும். அலகும் மூக்குத் துளையும் முங்கணும். குஞ்சு உள்ளே இறங்கக் கூடாது. 5 முதல் 7 செ.மீ. ஆழம் போதும்.
- மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். மழைக்காலத்தில் மொத்தமாக வாங்காமல், இரண்டு வாரத்துக்கு மட்டும் வாங்குங்கள்.

குஞ்சு தின்னாமல் சோர்ந்து நின்றால் அந்தத் தீவனத்தை உடனே நிறுத்துங்கள். அதில் ஒரு கைப்பிடியை எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள்.

குழுக் கூட்டத்தில் பேச:

1. குஞ்சு வாங்கக் கடன் கேட்கும்போது, முதல் மாதத் தீவனச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுகிறோமா?
2. நாலைந்து பேர் சேர்ந்து சோயாப் புண்ணாக்கு வாங்கினால் எவ்வளவு மிச்சமாகும்?
3. நம் வீட்டுத் தீவன மூட்டை இப்போது எங்கே இருக்கிறது? இன்றைக்கே போய்ப் பாருங்கள்.