முதல் 2 விநாடி: ரேஸ் விமானத்தைக் கிளப்பக் கம்ப்யூட்டரில் பழகலாம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதம் முழுவதும் கார் ரேஸ் கேம்ஸ் ஆடித் தீர்ப்பார்கள். தவறில்லை. அந்த ஆசை உள்ளவர்களுக்கு இந்த மாதம் வேறொரு ரேஸ். இதில் ஓடுவது பேட்டரியில் இயங்கும் ரேடியோ கண்ட்ரோல் விமானம். இதன் பெயர் பைலான் ரேஸ். பைலான் என்றால் கம்பம். கம்பம் பள்ளத்தாக்குக்காரனுக்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டு ஏது!

எஃப்.ஏ.ஐ. என்னும் சர்வதேச அமைப்பின் விதிப்படி, 3 கம்பங்களை முக்கோணமாக நட்டிருப்பார்கள். ஒரு சுற்று 400 மீட்டர். 10 சுற்று, அதாவது 4 கிலோமீட்டர், இடப்பக்கமாகவே திரும்பித் திரும்பிப் பறக்க வேண்டும். எஃப்5டி என்று அறியப்பட்ட மின்மோட்டார் பிரிவில் விமானங்கள் மணிக்கு 300 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் போகும். அவற்றுக்குச் சக்கரம் கிடையாது. உதவியாளர் கையால் எறிவார். பைலட் இரண்டு கட்டைவிரலையும் ஸ்டிக்கில் வைத்துக்கொண்டு நிற்பார்.

நானும் என் சித்தப்பா மகனும் தேனிப் பக்கம் பறக்கவிடுவது அந்த ரகம் அல்ல. சாதாரண ஃபோம் விமானம்தான். ஆனால் எறியும் முறை ஒன்றுதான். நாங்கள் உடைத்த விமானங்களில் பெரும்பாலானவை கையை விட்ட முதல் 2 விநாடியில் உடைந்தவை. ஆகவே அந்த 2 விநாடியை மட்டும் பார்ப்போம்.

ஏன் விழுகிறது?

கியர் சைக்கிளை டாப் கியரில் போட்டு, நின்ற இடத்திலிருந்து கம்பம்மெட்டு ஏற்றத்தில் மிதித்துப் பாருங்கள். நகராது. ரேஸ் புரொப்பல்லரும் அப்படித்தான். அதன் இலைகள் வேகமாகப் போகும்போது காற்றைப் பிடிக்கும் விதத்தில் அதிகம் முறுக்கப்பட்டவை. விமானம் நிற்கும்போது எவ்வளவு சுற்றினாலும் இழுப்பு குறைவு. முதல் வேகத்தை உதவியாளரின் கைதான் தர வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு. விமானம் மிதக்கக் குறைந்தது மணிக்கு 30 கி.மீ. வேகம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஓடிவந்து எறிந்தால் ஏறக்குறைய அதே 30 கிடைக்கும். எதிரே 15 கி.மீ. காற்று இருந்தால் இறக்கைக்குக் கிடைப்பது 45. காற்று முதுகுப் பக்கமிருந்து வந்தால் வெறும் 15. கதை முடிந்தது!

இன்னொன்று, மோட்டார் ஒரு பக்கம் சுற்றினால் விமானத்தின் உடல் எதிர்ப்பக்கம் சாயப் பார்க்கும். வழக்கமான புரொப்பல்லருக்கு அது இடப்பக்கம். வேகம் குறைவாக இருக்கும்போது இந்தச் சாய்வு நன்றாகவே தெரியும்.

கம்ப்யூட்டரில் பழகும் முறை

சி.ஆர்.ஆர்.சி.சிம் என்ற இலவச சிமுலேட்டர் இருக்கிறது. சோர்ஸ்ஃபோர்ஜ் தளத்தில் கிடைக்கும். பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். முதலில் மவுஸ் போதும். ஆசை வளர்ந்தால் யு.எஸ்.பி. ஜாய்ஸ்டிக் வாங்கிக்கொள்ளலாம். மோட்டார் உள்ள ஒரு மாடலைத் தேர்ந்தெடுங்கள். விமானம் கிளம்பும் உயரம், வேகம், கோணம் ஆகியவற்றை மாற்றும் இடம் மெனுவில் உண்டு. உயரத்தை ஆள் உயரத்துக்குக் குறையுங்கள். வேகத்தையும் குறையுங்கள். இப்போது கோணத்தை நன்றாக மேல்நோக்கி வைத்துக் கிளப்பிப் பாருங்கள். மூக்கு தூக்கும், நிற்கும், ஓர் இறக்கை சரிந்து தரையில் குத்தும். கோணத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து மறுபடி கிளப்புங்கள். கொஞ்சம் இறங்குவது போல் பயமுறுத்தும். அப்போது எலவேட்டரை இழுக்கவே கூடாது! வேகம் பிடித்ததும் மெதுவாக இழுங்கள். இதை 50 முறையாவது செய்யுங்கள். கை தானாக அடங்கும்.

ஆனால் சிமுலேட்டர் ஒரு கெட்ட பழக்கத்தையும் கற்றுக்கொடுக்கிறது. விழுந்தால் உடனே ரீசெட். நான் இரண்டு மாதம் அப்படித்தான் ஆடினேன். பிறகு நிஜ விமானம். தம்பி அதைப் பட்டம் ஏற்றுவது போல் வானத்தைப் பார்த்து எறிந்தான். அது இடப்பக்கம் சரிந்து பக்கத்துத் தோட்டத்தின் திராட்சைப் பந்தலில் போய் மாட்டியது. கொடியில் சிக்கிப் புரொப்பல்லர் நின்றுவிட்டது. நின்றுவிட்டதே என்று தம்பி கையை விட்டு இழுத்தான். என் விரலோ இன்னும் த்ராட்டிலை மேலே தள்ளியபடியே இருந்தது! கொடி விலகியதும் மோட்டார் சுற்றியது. அவன் ஆள்காட்டி விரலில் 3 தையல். தப்பு முழுக்க என்னுடையது. விழுந்தவுடன் த்ராட்டிலைக் குறைக்க வேண்டும் என்பதே என் விரலுக்குத் தெரியவில்லை. சிமுலேட்டரில் ஒருநாளும் நான் அதைச் செய்ததில்லை.

அன்று முதல் சிமுலேட்டரில்கூட த்ராட்டிலைப் பூஜ்யம் ஆக்காமல் ரீசெட்டைத் தொடுவதில்லை. நீங்களும் முதல் நாளிலிருந்தே அப்படிப் பழகுங்கள்.

வயலில் நாங்கள் செய்வது இதுதான். முதலில் டிரான்ஸ்மிட்டரை ஆன் செய்து த்ராட்டிலைப் பூட்டி வைப்பேன். அதற்குப் பிறகே பேட்டரி இணைப்பு. வலப்பக்கம் ஸ்டிக்கைத் தள்ளினால் வலது எய்லரான் மேலே எழ வேண்டும். அதைத் தம்பி பார்த்துச் சொல்வான். அவன் பிடி புரொப்பல்லருக்குப் பின்னால், வயிற்றுப் பகுதியில் இருக்கும். கொஞ்சம் புல்லைக் கிள்ளிப் போட்டுக் காற்று வரும் திசையைப் பார்ப்போம். பூட்டை எடுத்து முழு த்ராட்டில் கொடுப்பேன். "அண்ணே, விடவா?" என்பான். "விடு" என்று நான் சொன்ன பிறகுதான் நாலு அடி ஓடி, ஈட்டி எறிவது போல் நேராக எறிவான். "நில்லு" என்றால் த்ராட்டில் பூஜ்யம், பேட்டரி கழற்றல், மறுபடி முதலிலிருந்து.

இடம் பார்க்கும்போது டிஜிட்டல் ஸ்கை தளத்தின் வான்வெளி வரைபடத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சிவப்பு மண்டலத்தில் அனுமதியில்லாமல் பறக்கவிடக் கூடாது. காற்றாலைகள், மின்கம்பிகள் பக்கம் போகவே வேண்டாம்.

எங்களுக்கு நல்ல காலம் ஏப்ரல், மே. பெரியாறு அணைத் தண்ணீர் ஜூனில் திறக்கும்வரை நெல் வயல்கள் காய்ந்து கிடக்கும். காலையில் காற்றும் அடங்கியிருக்கும். ஆடிக் காற்று பிடித்துவிட்டால் விமானம் பரணுக்குப் போய்விடும். அப்போது சிமுலேட்டரில் காற்றின் வேகத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு உட்காருவோம்.