வெயில் இருக்க சோலர் ஏன் நிற்கிறது?

கேள்வி: வீட்டுக் கூரையில் சோலர் பூட்டியிருக்கிறோம். உச்சி வெயிலிலும் லைன் கரண்ட் போனால் எங்கட சோலரும் சேர்ந்து நின்றுவிடுகிறது. சோலருடன் வரும் இன்வேர்ட்டர் எங்கே தொடங்கியது? அதற்கு ஏன் இந்தப் பழக்கம்?
— வாசகர் ஒருவர், மருதமுனை

பதில்: சோலர் தகடு தருவது நேரோட்டம். லைன் கம்பியில் வருவது 50 ஹேர்ட்ஸ் ஆடலோட்டம். ஒன்றை மற்றதாக மாற்ற, ஒரு காலத்தில் மோட்டரையும் மின்பிறப்பாக்கியையும் ஒரே அச்சில் பூட்டிச் சுழற்றினார்கள். சுழலும் பாகம் எதுவுமின்றி அதைச் செய்யும் வழியை, அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பனியில் இருந்த டேவிட் பிரின்ஸ் 1925இல் ‘இன்வேர்ட்டர்’ என்ற தலைப்பிலேயே எழுதினார். 1957இல் அதே கம்பனி தைரிஸ்டரைக் கொண்டுவந்தது. பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் குறைகடத்தி அது. ஆனால் ஒருமுறை ஏவிவிட்டால், ஓடும் மின்னோட்டம் அடங்கும்வரை நிற்காது.

நினைத்தபோது திறந்து நினைத்தபோது மூடும் வலுவான ஆளியைத் தந்தவர் ஜெயந்த் பாலிகா. 1948இல் சென்னையில் பிறந்தவர், 1969இல் சென்னை ஐ.ஐ.டி.யில் பட்டம் பெற்றவர். மோட்டர்களின் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சாதனம் தேடியபோது, 1980களின் தொடக்கத்தில் அவர் உருவாக்கியதுதான் ஐ.ஜி.பி.ரி. சிறிய வோல்ட்டளவு ஒன்றைக் கொடுத்தால் மின்னோட்டத்துக்கு வழி திறக்கும், எடுத்தால் மூடும். அதுவும் செக்கனுக்கு ஆயிரக்கணக்கான தடவை. திறந்திருக்கும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் குறைத்தால், வெட்டி வெட்டி வரும் நேரோட்டம் வடிகட்டியைத் தாண்டும்போது வழுவழுப்பான அலையாகிறது. மின்சார ரயில், மின்சாரக் கார், காற்றாலை பலவும் இதனால்தான் ஓடுகின்றன. 2024இல் பின்லாந்தின் மிலேனியம் தொழில்நுட்பப் பரிசு அவருக்குக் கிடைத்தது. நம் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் இருக்க வேண்டிய பெயர்.

இனி உங்கள் இன்வேர்ட்டர் பெட்டியின் பழக்கத்துக்கு வருவோம். கரண்ட் திரும்பி வந்ததும் அதன் திரையைக் கவனியுங்கள். உடனே வேலை செய்யாது. வோல்ட்டளவும் மீடிறனும் சீராக இருக்கின்றனவா என்று சில நிமிடம் பார்த்திருந்து, பிறகுதான் உள்ளே ‘டக்’கென்று ரிலே விழும். அது, தொழுகையில் இமாமின் பின்னால் நின்று தொழும் மஃமூமைப் போல. இமாமின் குரலைக் கேட்டே குனியும், நிமிரும். இமாமுக்குத் தொழுகையின் நடுவில் முடியாமல் போனால், பின்னால் நிற்பவர் ஒருவர் முன்னே வந்து தொழுகையை முடித்துவைப்பார். இந்தப் பெட்டிக்கு முன்னே வரத் தெரியாது. வரவும் கூடாது என்றே செய்திருக்கிறார்கள். லைன் அறுந்த இடத்தில் கம்பத்தில் ஏறி நிற்கும் ஊழியரின் கைக்கு உங்கள் கூரையின் மின்சாரம் போய்விட்டால் அவர் உயிர் போய்விடும்.

எல்லாரும் பின்தொடர்பவர்களாகவே இருந்தால் என்ன நடக்கும் என்பதை 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடே கண்டது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்றால் ஏற்பட்ட கோளாறு இலங்கை முழுவதையும் இருளாக்கியது. அது ஞாயிற்றுக்கிழமைப் பகல்: பாவனை குறைவு, சோலர் அதிகம். அனல், நீர் மின்நிலையங்களின் பாரமான சுழலிகளுக்குச் சடத்துவம் உண்டு. ஒரு தாக்கம் வந்தாலும் மீடிறன் சட்டென்று விழாமல் அவை பிடித்துக்கொள்ளும். அன்று சுழன்றவை குறைவு. மீண்டும் அப்படி நேராதிருக்க, அதே ஆண்டு ஏப்ரல் புதுவருட விடுமுறையில், கூரைச் சோலரைப் பகலில் அணைத்துவைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது. கடன்பட்டு சோலர் பூட்டிய குடும்பங்களுக்கு அது மனவருத்தம். அவர்கள் மேல் பிழை சொல்ல முடியாது.

முன்னே வந்து நிற்கத் தெரிந்த இன்வேர்ட்டர்களும் உண்டு. தென் அவுஸ்திரேலியாவின் ஹோர்ன்ஸ்டேல் பற்றரி நிலையம் 2022இல், சுழலியின் சடத்துவத்தைப் போன்றதைத் தன் கட்டுப்பாட்டு மென்பொருளாலேயே தரத் தொடங்கியது. சூரியனை நம்பத் தொடங்கிவிட்ட இலங்கைக்கு இப்படிப்பட்ட பற்றரிகள் இனித் தள்ளிப்போடக்கூடியவை அல்ல.

உங்கள் வீட்டளவில், பற்றரியுடன் கூடிய ஹைபிரிட் இன்வேர்ட்டர் போதும். கரண்ட் போனதும் அது வீட்டை லைனிலிருந்து பிரித்து, உள்ளே தானே அலையை உண்டாக்கும். வாங்கும்போது இரண்டு விஷயம் கேளுங்கள்: அவசரத் தேவைக்கென்று தனி வெளியீடு இருக்கிறதா? எந்தெந்த விளக்கும் மின்விசிறியும் அதில் சேரும்? குளிர்சாதனப் பெட்டியையும் சேர்ப்பதானால், அதன் மோட்டர் கிளம்பும்போது இழுக்கும் கூடுதல் மின்னோட்டத்தைத் தாங்குமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.