நான்கு மணி நேரம் இருந்தது



2004 டிசம்பர் 26, ஞாயிறு. காலை 9 மணிக்குச் சற்று முன் சுமத்ரா அருகே கடலடியில் நிலம் நடுங்கியது. பினாங்கில் பேரலை கரையேறியதோ மதியம் 1 மணிக்குப் பிறகு. இடையில் நான்கு மணி நேரம்! ‘கடல விட்டு விலகுங்க’ என்று சொல்ல அன்று ஏற்பாடு இல்லை. நம் நாட்டில் 68 பேர் மாண்டனர்.

சபாக்கும் அதே மலாக்கா நீரிணையோரம்தான், மேடில்லாத மண். இன்று மெட்மலேசியா எச்சரிக்கை விடுக்கிறது. அது பக்கத்து வீட்டுப் பாட்டியின் காதுக்குப் போகுமா? அதற்குத்தான் திட்டம்.

வீட்டில்:
1. ஆட்டம் கண்டால் மேசைக்கடியில் புகுந்து, தலையை மூடி, மேசைக்காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். நின்றதும் எரிவாயுத் தோம்பை மூடுங்கள்.
2. அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், மருந்து, டார்ச்லைட், தண்ணீர் ஒரே பையில் இருக்கட்டும்.
3. பிரிந்துபோனால் எங்கே கூடுவது என்று பேசி வையுங்கள்.

லயத்தில்:
1. நடக்க முடியாதவர், தனியாக இருப்பவர் யார் யார்? யாரை யார் வண்டியில் ஏற்றுவது? பெயரோடு எழுதுங்கள். ‘யாராச்சும் பாத்துக்குவாங்க’ன்னா யாரும் பார்க்கமாட்டார்கள்.
2. அலை எச்சரிக்கை வந்தால் கடலை விட்டு உள்பக்கம் போங்கள். நேரமில்லையென்றால் உறுதியான கட்டடத்தின் மேல்மாடி. முதல் அலையோடு முடியாது. அதிகாரிகள் சொல்லும்வரை திரும்பாதீர்கள்.

கோயில் தொண்டும் இதுவும் எனக்கு ஒன்றே. அடுத்த வகுப்புக்கு உங்கள் லயத்துத் தாளோடு வாங்க.