ஆக்ஸிஜன் ரெகுலேட்டருக்கு எண்ணெய் ஆகாது



வீட்டில் தாழ்ப்பாள் இறுகினால் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் விடுவோம். கேஸ் வெல்டிங் பட்டறையில் அந்தப் பழக்கம் உயிருக்கே ஆபத்து. நிரம்பிய ஆக்ஸிஜன் சிலிண்டரில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 150 கிலோ அழுத்தம் இருக்கும். அந்த வேகத்தில் ஆக்ஸிஜன் பட்டால் எண்ணெயும் கிரீஸும் நெருப்பு வைக்காமலே பற்றிக்கொள்ளும். தலைக்கு எண்ணெய் தேய்த்த கையோடு ரெகுலேட்டரைத் தொடாதீங்க. சோப்பு போட்டுக் கழுவி, துடைச்சிட்டுத் தொடுங்க.

மரை ஏறலையா? கருப்பு ஆக்ஸிஜன் சிலிண்டருக்கு வலது மரை, அரக்கு நிற அசிட்டிலின் சிலிண்டருக்கு இடது மரை. மாத்தித் திருகிவிட்டு எண்ணெய் கேட்பவர்களும் உண்டு!

சிலிண்டரைத் திறக்கும் முன் ரெகுலேட்டர் திருகைத் தளர்த்துங்க. பக்கவாட்டில் நின்று வால்வை மெதுவாகத் திறங்க. திருகு தளர்ந்திருந்தும் டார்ச் பக்க மீட்டரில் முள் ஏறினால், வால்வை மூடிவிட்டு ரிப்பேருக்குக் கொடுங்க. நாமே பிரிக்கக் கூடாது.