வர்க்கலைக் குன்றின் ஊற்றுகள்

பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ தொடர்வண்டி ஏறுவோர் திருவனந்தபுரத்தைக் கடந்து வர்க்கலையில் இறங்கலாம். பொழியூர், பூவாறு ஆகிய ஊர்களின் தாழ்ந்த மணற்கரையைக் கண்டு பழகிய கண்களுக்குப் பாபநாசம் கடற்கரை வியப்பூட்டும். அங்கே நிலம் செங்குத்தான சுவராய்க் கடலை எதிர்கொள்கிறது. 2025இல் இக்குன்று யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றது.

குன்றின் மேலடுக்கு, நம் ஊர்க் கிணறுகளில் காணும் செம்பாறாங்கல்லே. மலையாளத்தில் வெட்டுகல் என்பர். அதன்கீழ் மணற்கல்லும் களிமண்ணும் அடுக்கடுக்காய் அமைந்துள்ளன. செம்பாறாங்கல்லின் துளைகள் வழியே இறங்கும் மழைநீர், களிமண்ணைக் கடக்க இயலாமல் பக்கவாட்டில் நகர்ந்து, குன்றின் முகத்தில் ஊற்றாய்க் கசிகிறது. உப்புக்கடலின் எதிரே நன்னீர்!

அந்நீரே குன்றுக்குப் பகையும் ஆகிறது. கசிவால் களிமண் நெகிழ்கிறது; கீழே அலைகள் அடிப்பகுதியை அரிக்கின்றன; தாங்கலிழந்த செம்பாறாங்கல் பாளம்பாளமாய்ச் சரிகிறது. விளிம்பையொட்டி எழுந்த கடைகளும் விடுதிகளும் சுமையைக் கூட்டுகின்றன. ஆதலின் மேலே நடைபாதையில் செல்வோர் விளிம்பை விட்டு விலகி நடத்தல் வேண்டும். வெயிலுக்கு அஞ்சிக் குன்றின் நிழலில் அமர்தலோ, மழைக்காலத்தில் சிறிதும் ஆகாது.

பயிற்சி: களிமண் அடுக்கு இல்லையெனில் குன்றின் முகத்தில் ஊற்று தோன்றுமா? பெரியவர் துணையுடன் உங்கள் ஊர்க் கிணற்றின் உட்சுவரை நோக்கி விடை எழுதுக.